புலுகா யாருக்குச் சொந்தம்?

2025 ஜனவரி கடைசியில் டீப்சீக் என்கிற சீன நிறுவனம் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டு அமெரிக்கப் பங்குச்சந்தையைக் கலக்கியது நினைவிருக்கும். அந்த வாரமே ஓபன்ஏஐ ஒரு புகாரோடு வந்தது. தங்கள் மாதிரி சொல்லும் பதில்களை மூட்டை மூட்டையாக அள்ளி, அதைக் கொண்டே டீப்சீக் தன் மாதிரியைப் பழக்கியதற்குத் தடயம் இருக்கிறது, இது தங்கள் விதிமுறைக்கு விரோதம் என்றது. எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்குச் சிரிக்காதவர் யாரும் இல்லை. காரணம், அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் அதே ஓபன்ஏஐ இங்கே லண்டனில் பிரபுக்கள் சபைக் குழு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தது: பதிப்புரிமை உள்ள எழுத்துகளைத் தொடாமல் இன்றைய மாதிரிகளைப் பயிற்றுவிப்பது நடக்காத காரியம் என்று. ஊரார் தோட்டத்து மாங்காயைப் பறித்து ஊறுகாய் போட்டவர், ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைப் பார்த்துத் திருடன் திருடன் என்று கத்துகிற மாதிரி.

நானும்தான் சிரித்தேன். ஆனால் எனக்கு இந்தச் சண்டையில் வேறொரு பழைய சண்டை தெரிந்தது. அது எங்க ஊர்ப் பக்கத்து விவகாரம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்க ஊர் பத்துபஸ்தி. போர்ட் பிளேரை ஒட்டிய குடியிருப்பு. (2024 செப்டம்பரிலிருந்து போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) அந்தமான் என்றதும் நம்ம மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே ஜெயில்தானே இருக்கு?" இரண்டாவது கேள்வி, "காட்டுவாசிங்க இருக்காங்களாமே, பார்த்திருக்கீங்களா?" 'சிறைச்சாலை' படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் இந்தி. பக்கத்து வீடு வங்காளி, எதிர்வீடு தெலுங்கு, பின்னால் ராஞ்சிக்காரர்கள். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. சோறு சாப்பிடாத பிள்ளைகளிடம் எங்கள் தெருவில், "ஜார்வா வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று பயமுறுத்துவார்கள். இந்த மண்ணில் நமக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்பது பற்றி அதற்கு மேல் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இருந்தவர்கள் அகா பியா மொழி பேசியவர்கள். பெரிய அந்தமானியர் என்று இன்று மொத்தமாகச் சொல்லப்படும் பத்துக் குழுக்களில் ஒன்று. போர்ட் பிளேர் துறைமுகத்தைச் சுற்றிய தென் அந்தமான் அவர்களுடையது. எங்கள் வீட்டு அடிமனையும் அதற்குள்தான் வரும்.

இந்த ஜனங்களிடமிருந்து 'தரவு' எடுத்த கதை, கைதிகளின் குடியேற்றத்துக்கும் ஒரு மாதம், இரண்டு மாதம் முந்தியது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கைதிகளை எங்கே கொண்டுபோய்த் தள்ளலாம் என்று பார்க்க, மோவாட் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழு கப்பலில் வந்தது. போகும்போது கடற்கரையில் ஒரு மோதலுக்குப் பிறகு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாலுமிகள் அவனுக்கு ஜாக் என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவில் உடுப்பு மாட்டிப் படம் எடுத்தார்கள், வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு உடம்பு முடியாமல் போனதும் 1858இல் திரும்பக் கொண்டுவந்து பிடித்த கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்பது எந்தப் பதிவிலும் இல்லை. படம் மட்டும் இருக்கிறது.

1858 மார்ச்சில் குடியேற்றம் தொடங்கியது. 1863இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றைத் திறந்தார் கார்பின் என்ற பாதிரியார். காட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சோறு, புகையிலை, துணி. நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். நடந்தது என்னவென்றால், பல குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள். கூடிய இடத்தில் நோய் பரவியது. 1870களின் நடுவில் மேகநோய், 1877இல் தட்டம்மை. தட்டம்மை தீவு தீவாகப் போய்க் கொன்றது.

அந்த இல்லங்களுக்கு 1875இலிருந்து 1879வரை பொறுப்பாக இருந்த அதிகாரி எட்வர்ட் ஹொரேஸ் மேன். இவரை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், அதனால் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன். பொறுமைசாலி, கவனமானவர், சொற்களைத் துளித்துளியாகச் சேர்த்தவர். 1883இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வு இன்றும் அந்தமானியர் பற்றிய முதல் நூல் மாதிரி. ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டம்மை வந்த அதே 1877இல்தான், கிறிஸ்தவர்களின் 'பரமண்டல ஜெபத்தை' தென் அந்தமான் மொழியில் பெயர்த்து, டெம்பிள் என்ற ராணுவ அதிகாரியின் முன்னுரையோடு கல்கத்தாவில் அச்சிட்டார் மேன். அவர் சேர்த்த சொற்கள் எல்லாம் சேர்ந்து அகா பியா அகராதியாக 1923இல் பம்பாயில் நூலானபோது, அந்த மொழியைப் பேச அநேகமாக யாரும் மிச்சமில்லை.

அடுத்து வந்தவர் மாரிஸ் விடல் போர்ட்மேன். 1879இல் வந்த இளைஞர். மறு வருஷமே வட சென்டினல் தீவுக்குப் படையோடு போய், ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து வந்தார். போர்ட் பிளேர் வந்ததும் எல்லோருக்கும் நோய் கண்டது. பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்ப அனுப்பி வைத்தார். அந்தத் தீவுக்காரர்கள் இன்றுவரை யாரையும் கரையேற விடுவதில்லை என்பதை நாம் ஏதோ விசித்திரம் மாதிரிப் பேசுகிறோம்.

1890களில் போர்ட்மேன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஒரு பெரிய வேலை எடுத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட திரைக்கு முன்னால் அந்தமானியர்களை நிற்கவைத்து, முன்பக்கம், பக்கவாட்டு என்று படங்கள். ஆடையில்லாமல். கட்டம் எதற்கு என்றால் படத்திலிருந்தே உடம்பை அளந்துகொள்ளலாம். கூடவே ஒரு மருத்துவர் நாடித்துடிப்பு, உடல் சூடு, எடை எல்லாம் குறித்தார். கை கால் பாதங்களைத் தாளில் வரைந்தெடுத்தார்கள். பல தொகுதிகள் கப்பலேறின. நான் தகவல் தொழில்நுட்பத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன். கட்டத் திரையும் ஒரே மாதிரி நிலையும் வரிசை எண்ணும் சேர்ந்தால் அது என்ன என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நாங்கள் 'தரவுத் தொகுப்பு' என்று சொல்வதுதான் அது.

சம்மதம் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். சோறும் புகையிலையும் கொடுக்கிற அதிகாரி, துப்பாக்கிக்காரர்கள் பக்கத்தில் நிற்க, "இங்கே வந்து நில்" என்கிறார். இதற்குமேல் அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் இருக்க முடியும்? வேடிக்கை என்னவென்றால், வெளியாட்களோடு கலந்ததால் இந்த ஜனங்களுக்குத் தீமை தவிர வேறெதுவும் விளையவில்லை என்று பின்னாளில் வருத்தப்பட்டவர்களில் போர்ட்மேனும் ஒருவர். வருத்தம் உண்மையாகவே கூட இருக்கலாம். தொகுதிகளைத் திருப்பித் தரவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

மேன் தன் ஆய்வில் புலுகா என்ற தெய்வத்தைப் பற்றி எழுதியிருந்தார். கண்ணுக்குத் தெரியாதவர், அழிவில்லாதவர், எல்லாவற்றையும் படைத்தவர், பாவம் செய்தால் கோபிப்பவர், ஒரு பெருவெள்ளத்தை அனுப்பியவர். படித்தால் ஏதோ தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறது அல்லவா? ஐரோப்பாவில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. உலகின் 'மிகப் பழைய' ஜனங்களிடமே ஒரே கடவுள் என்ற எண்ணம் இருந்திருக்கிறது பாருங்கள் என்று ஆண்ட்ரூ லாங் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் புலுகாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஆஸ்திரியாவில் இருந்த வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற பாதிரியார் இன்னும் ஒருபடி மேலே போனார்.

1906 முதல் 1908 வரை அந்தமானில் தங்கி ஆராய்ந்த இளைஞர் பிரவுன் (பிற்காலத்தில் ராட்கிளிஃப்-பிரவுன் என்று பெரும்புகழ் பெற்றவர்) இதையெல்லாம் மறுத்தார். புலுகா, வடக்கே பிலிகு, பருவக்காற்றோடு சம்பந்தப்பட்ட உரு. வடகிழக்குக் காற்று பிலிகு, தென்மேற்குக் காற்று தாராய். சில குழுக்களில் பிலிகு பெண். மேன் தன் கிறிஸ்தவக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார் என்றார். (மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை துணி காயாத ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் என் ஓட்டு பிரவுனுக்கு.) 1909, 1910இல் லண்டன் இதழ்களில் ஷ்மிட்டும் பிரவுனும் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். அதில் ஓர் இதழின் பெயரே 'மேன்'. எட்வர்ட் மேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1922இல் பிரவுனின் புத்தகம் வந்ததும், பழைய நண்பர் மேனைத் தற்காத்து டெம்பிள் நீளமான மறுப்பு எழுதினார். அப்போது அவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

யாருடைய குறிப்பு சரி, யார் முதலில் எடுத்தார், யார் யாருடையதைச் சரியாகப் படிக்கவில்லை. பிரவுனின் குறிப்புகளும் வானத்திலிருந்து விழவில்லை. நோயில் தப்பிய கொஞ்சப் பேரிடம், முதலில் இந்துஸ்தானி வழியாகக் கேட்டு எடுத்தவைதான். ஒரு தரப்புகூட, "புலுகாவைப் பற்றிச் சொன்னவர்களையே திரும்பக் கேட்போம்" என்று சொல்லவில்லை. கேட்டிருக்கலாம், ஆட்கள் இருந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1911இல் 455. 1921இல் இருநூறு சொச்சம். 1931இல் 90. 1961இல் 19. இதழ்களில் வாதம் சூடு பிடித்த வருஷங்களின் மேல் இந்த எண்களை வைத்துப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

இன்னொன்று. பிரவுன் கதைகள் மட்டும் சேர்க்கவில்லை, தலைமுடியும் சேர்த்தார். அந்த முடி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பெட்டியில் இருந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து அதிலிருந்து மரபணு எடுத்து, ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்து விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் கிளம்பி வந்த பாதையைப் பற்றிய விவாதத்தில் முக்கியமானது. நான் கேட்பது சின்ன விஷயம். 1907 வாக்கில் ஒரு துண்டு முடியைக் கொடுத்தவர், எதற்கென்று நினைத்துக் கொடுத்திருப்பார்? முடியிலிருந்து மரபணு எடுக்கலாம் என்ற சங்கதியே அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு காரியத்துக்கு எடுத்தது இன்னொரு காரியத்துக்குப் போகும்போது கொடுத்தவரைத் தேடிக் கேட்க வேண்டுமா என்பது, இன்று செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த தலைவலி கிடையாது.

போர்ட்மேனின் படங்கள்? பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரத்துப் படங்களை இணையத்தில் வணிகமில்லாத பயன்பாட்டுக்குத் தருகிறது. புத்தக அட்டையில் போட வேண்டும், விற்க வேண்டும் என்றால் உரிமம் வாங்க வேண்டும். கேட்காமல் எடுத்ததைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்! 2025 மார்ச்சில் ஓர் அமெரிக்க இளைஞர் வட சென்டினல் கரையில் இறங்கி, தேங்காயும் குளிர்பான டப்பாவும் வைத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார், கைதானார். பழங்குடிப் பகுதிக்குள் நுழைவது 1956 சட்டப்படியே குற்றம். 2012 திருத்தத்தில் படமெடுக்க நுழைவதற்கும் சிறை என்று இறுக்கினார்கள். உலகமே அவரைத் திட்டியது, நியாயம்தான். ஆனால் அதே கரையிலிருந்து ஆறு பேரைப் பிடித்துவந்தவர் எடுத்த படங்களை நாம் கண்காட்சியில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறோம்.

சரி, இன்றைய சண்டைக்குத் திரும்புவோம். 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஓபன்ஏஐமீது வழக்குப் போட்டது. எங்கள் செய்திகளைக் கேட்காமல் பயிற்சிக்கு எடுத்தீர்கள் என்பது புகார். ஓபன்ஏஐயின் பதில்களில் ஒன்று, எங்கள் சர்வர்கள் இந்தியாவில் இல்லை, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது. அடுத்த மாதமே, 2025 பிப்ரவரியில், அதன் தலைவர் சாம் ஆல்ட்மன் தில்லி வந்து, இந்தியா எங்களுக்கு இரண்டாவது பெரிய சந்தை என்றார். வாங்குபவன் இந்தியாவில், வழக்கு மட்டும் அமெரிக்காவில்.

எதிர்த்தரப்பும் சுத்தத் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. அதே மாதம் வழக்கில் சேர்ந்துகொள்ள வந்த இசை நிறுவனங்களில் டி-சீரிஸ் ஒன்று. 1980களில் கேசட் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வளர்ந்தது என்று தெரியும். பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இருந்த ஒரு வழியைப் பிடித்து, மற்றவர் வெளியிட்ட பழைய பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்துப் பாதி விலைக்கு விற்று எழுந்த நிறுவனம். பழைய கம்பெனிகள் அன்றைக்குத் திருட்டு என்று கூச்சல் போட்டன. அமெரிக்கா இன்னும் மோசம். 1891வரை வெளிநாட்டு எழுத்தாளருக்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. டிக்கன்ஸ் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். தாங்கள் எழுதுபவர்களாக வளர்ந்த பிறகுதான் எழுத்து சொத்து என்று அவர்களுக்குத் தெரிந்தது. 2011இல் கூகுள், தன் தேடல் முடிவுகளை மைக்ரோசாஃப்டின் பிங் காப்பியடிக்கிறது என்று பொய்ச் சொற்களைப் போட்டுப் பொறி வைத்துப் பிடித்ததும் ஞாபகம் வருகிறது. உலகத்தார் எழுதிய பக்கங்களை எல்லாம் நகலெடுத்து அடுக்கிய நிறுவனம் அது.

2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனம், திருட்டு நூலகத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிய வழக்கில் எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குச் சுமார் 3000 டாலர். நல்ல செய்தி என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். யாருக்குக் கிடைக்கும் என்று படித்துப் பார்த்தேன். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தத் தளங்களில் தமிழ்ப் புத்தகம் இருந்திருந்தாலும், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சிட்ட எழுத்தாளர்களில் எத்தனை பேர் வாஷிங்டனில் பதிவு செய்திருப்பார்கள்? அட்டவணையில் பெயர் இருந்தால் இழப்பீடு, இல்லாவிட்டால் எதுவும் இல்லை. ஜாக்கின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை என்று மேலே சொன்னேனே.

இனி கொஞ்சம் நம்ம வீட்டுப் பக்கம். (அடிக்க வராதீர்கள்.)

1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியதிலிருந்து, பழந்தமிழ் நூல்களை ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியவர்களில் பாதிப் பேர் நம்மைப் போல அயலில் இருந்தவர்கள். 2003இலிருந்து தமிழ் விக்கிப்பீடியா, 2005இலிருந்து ஈழத்து நூல்களுக்கான நூலகம். காசு வாங்காமல் செய்தது. இன்று ஏதோ ஒரு இயந்திரம் திருக்குறளுக்குத் தமிழில் பதவுரை சொல்கிறது என்றால் அந்தக் கண்விழிப்பும் அதில் கலந்திருக்கும். அதை நினைத்து நம் ஆட்கள் கோபப்படுகிறார்கள், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அதே நாம், 2017இல் இளையராஜா தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி வாங்கச் சொல்லி எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது என்ன சொன்னோம்? "பாட்டு மக்கள் சொத்து", "இவ்வளவு பேராசையா" என்று வரிந்து கட்டினோம். புதுப்படம் வெளியான வெள்ளிக்கிழமை ராத்திரியே நம்ம வரவேற்பறையில் ஓடியது, எந்தக் கடையில் வாங்கிய டிவிடி என்றும் யாரும் கேட்டதில்லை. அப்போது தகவல் சுதந்திரமானது, இப்போது நம் எழுத்து நம் சொத்து. இரண்டில் எதையும் நான் தவறென்று சொல்லவில்லை. ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

தரவே சேர்க்கக் கூடாது என்ற கட்சி எனக்கில்லை. மேன் சேர்த்திருக்காவிட்டால் பத்துபஸ்தி மண்ணின் மொழியில் ஒரு சொல்கூட நமக்குக் கிடைத்திருக்காது. வேறுவிதமாகவும் சேர்க்கலாம் என்பதற்கு உதாரணம் அந்தமானிலேயே இருக்கிறது. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த அன்விதா அப்பி, 2000களில் ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரிலும் மிச்சமிருந்த சில பேச்சாளர்களோடு வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை செய்தார். நாற்பது வருஷமாகக் கதையே சொல்லாமல் இருந்த நாவோ ஜூனியர், கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகப்படுத்திக் கதை சொன்னார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் பாட்டுப் பாடினார். தன்னோடு அந்த மொழியில் பேச ஆளில்லாததால் அந்த அம்மா பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பாராம். 2010 ஜனவரி 26 அன்று அவர் இறந்தார். 2012இல் அகராதி, 2013இல் இலக்கணம், 2021இல் கதைகளும் பாட்டுகளும் நூல்களாக வந்தன. யார் சொன்ன கதை, யார் பாடிய பாட்டு என்று பெயரோடு இருக்கிறது. 2020 ஏப்ரலில் சாரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோவும் போய்விட்டார். பெரிய அந்தமானியர் இன்று ஐம்பது சொச்சம் பேர், வீட்டில் இந்தி பேசுகிறார்கள். எங்கள் பத்துபஸ்தித் தெருவில் நாங்கள் பேசிய அதே அந்தமான் இந்தி.

அவர்களில் ஒரு பிள்ளைக்குத் தன் பாட்டனின் மொழியில் நாலு வார்த்தை தெரிந்துகொள்ள ஆசை வந்தால், இப்போதெல்லாம் முதலில் கையிலிருக்கும் போனைத்தான் கேட்கும். அது என்ன சொல்லும் என்று பார்க்கலாம் என்று, பரவலாகப் பயன்படும் ஓர் உரையாடல் இயந்திரத்திடம் நானே கேட்டேன். அகா பியா மொழியில் தண்ணீர், தீ, அம்மா, வில், மழை என்று ஐந்து சொற்கள். ஒரு நொடி யோசிக்காமல் ஐந்தையும் கொடுத்தது, உச்சரிப்புக் குறிப்போடு. பக்கத்தில் மேனின் அகராதியைத் திறந்து வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு அதில் இருந்தன. மூன்று எங்கேயும் இல்லை. தமிழில் இப்படி உளறியிருந்தால் ஏழெட்டுக் கோடிப் பேர் சிரித்திருப்போம். அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு மூன்று சொற்களைக் கொடுத்தது.